ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது அம்மாதான். மாதம் ஒரு முறை அம்மாவை முதுகுத்தண்டு வைத்தியத்துக்காகத் தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போவேன். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். அம்மா எப்போதும் பின்சீட்டில் இடது பக்கம், இடுப்புக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு உட்காருவாள். வல்லநாடு ஆற்றுப்பாலத்தில் ஏறி, பாலத்தின் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தாண்டும்போது அம்மா சொன்னாள்: "ஏட்டி, முன் சீட்டுக்கு அடியில யாரோ சுத்தியல வச்சுத் தட்டுத மாதிரி இருக்கு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, பாட்டும் ஓடியது. இரண்டையும் அணைத்தேன். கேட்டது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு "டொக்".

வண்டி வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. 2012-ல் வந்த சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். 2024 பிப்ரவரியில் ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து வாங்கினேன். மீட்டரில் 41,000 கிலோமீட்டர். பன்னிரண்டு வருஷத்தில் நாற்பத்தோராயிரம்! பார்த்தவர்கள் எல்லோரும் "வண்டி ஓடவே இல்லையே, புது வண்டி மாதிரி" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். இந்தப் பதிவை எழுதக் காரணமே அந்த நம்பிக்கைதான். குறைந்த கிலோமீட்டரைப் பார்த்துப் பழைய கார் வாங்குபவர்கள் நிறையப் பேர். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அந்தக் கணக்கு ஓரளவு சரி. சஸ்பென்ஷனுக்குச் சரியில்லை. அங்கே வேலை செய்வதில் பாதி ரப்பர். ரப்பருக்கு மீட்டர் ரீடிங் தெரியாது, வருஷம்தான் தெரியும்.

நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ரப்பரை வல்கனைஸ் செய்வதைப் பற்றி வகுப்பில் பேசியிருக்கிறேன். சார்லஸ் குட்இயர் 1839-ல் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கிக் கண்டுபிடித்த அந்த முறையில், ரப்பரின் நீண்ட சங்கிலிகளுக்கு நடுவே கந்தகம் குறுக்குப் பிணைப்புப் போடுகிறது. அதனால்தான் ரப்பர் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய வடிவத்துக்கு வருகிறது. ஆனால் அந்த வேலை தொழிற்சாலையோடு முடிந்துவிடுவதில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வருஷக்கணக்கில் ரப்பரை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அது மெதுவாக இறுகுகிறது. ஓசோன் பட்டால் இழுவிசை இருக்கும் இடங்களில் மேலே நுண்ணிய வெடிப்பு விடுகிறது. ஷெட்டில் சும்மா நிற்கும் காருக்கும் இது நடக்கும். இவ்வளவு தெரிந்திருந்தும், வண்டி பார்க்கப் போன அன்று எனக்கு இதெல்லாம் நினைவுக்கே வரவில்லை.

சத்தம் கேட்டதும் ஊரிலேயே ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் பானெட்டின் மூலையை இரண்டு கையாலும் அழுத்திவிட்டுப் பார்த்தார். "ஷாக் போயிருச்சுங்க, செட்டா மாத்திரணும்" என்றார். மாற்றினோம். முன்பக்கம் இரண்டு ஸ்ட்ரட் (ஷாக் அடங்கிய தூண்), கூலியோடு 7,800 ரூபாய். வண்டி கொஞ்சம் கெட்டியாக ஓடியது. ஆனால் அடுத்த மாதம் அதே பாலத்தில் அதே "டொக்". அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அன்று மருத்துவமனையில் அம்மாவுக்கு ஃபிசியோதெரபி முடிய இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். சமாதானபுரம் பக்கம் ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது, பெரியவர் ஒருவர் நடத்துகிறார் என்று பார்மசியில் இருந்த பெண் சொன்னாள். அங்கே போனேன். தகரக் கூரை, ஒரு குழி, இரண்டு ஜாக்கி, சுவரில் ஸ்பேனர் வரிசை. லிஃப்ட் எல்லாம் கிடையாது. அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் "ஷாக் மாத்தியும் சத்தம் போகல அண்ணாச்சி" என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டீச்சர், எதை மாத்துனீங்கன்னு பெறவு சொல்லுங்க. சத்தம் எப்ப வருது? அத மொதல்ல சொல்லுங்க."

நான் பாலத்தைச் சொன்னேன். "சின்னச் சின்ன மேட்டுல வருதா, பெரிய பள்ளத்துல வருதா? பிரேக் பிடிச்சா வருதா? ஸ்டியரிங் ஒடிச்சா வருதா? நேரா போறப்போ ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஏறுனா கேக்கா, ஒரு பக்கம் மட்டும் ஏறுனா கேக்கா?" எதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடிகளை இறக்கச் சொன்னார். பட்டறைக்குப் பின்னால் மதில் ஓரமாக ஒரு குண்டும் குழியுமான சந்து. பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள் என்றார். மதிலில் பட்டுத் திரும்பிவரும் சத்தத்தில் எந்தப் பக்கச் சக்கரம் என்று தெளிவாகப் பிரித்துக் கேட்க முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். ஹைவேயில் எண்பதில் ஓட்டிப் பார்ப்பதைவிட, மதிலோரம் பத்தில் ஓட்டிப் பார்த்தால் வண்டி நிறையச் சொல்லும்.

அந்தச் சந்தில் எங்களுக்குக் கேட்டது ஒரு சத்தமல்ல, மூன்று.

முதலாவது, சின்ன மேடுகளில் வரும் "டக டக டக". இலேசான, காய்ந்த சத்தம். ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது அதிகம். பெரிய வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் அது இல்லவே இல்லை. இது லிங்க் ராடு. காரின் முன்பக்கம் குறுக்கே ஒரு வளைந்த கம்பி இருக்கும். ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். திருப்பத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடிக்கும் கம்பி அது. அதன் இரண்டு முனையையும் ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்னத் தண்டுகள்தான் லிங்க் ராடு. ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் குட்டிக் குட்டி பால் ஜாயிண்ட். அவற்றின் ரப்பர் உறை கிழிந்தால் மண் போகும், கிரீஸ் காயும், பிறகு ஆட்டம் கொடுக்கும். இரண்டு சக்கரமும் ஒரே அளவு ஏறினால் அந்தக் கம்பி முறுக்கப்படுவதில்லை, அதனால் லிங்க் ராடுக்கு வேலையில்லை, சத்தமும் இல்லை. அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு இருந்த அர்த்தம் இதுதான். வகுப்பில் முறுக்கு விசையைப் பற்றி எத்தனையோ வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். அது என் காலடியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அதை உறுதி செய்ய அவர் செய்தது இன்னும் நல்ல வேலை. இரண்டு லிங்க் ராடையும் கழற்றி ஓரமாகக் கட்டிவைத்துவிட்டு, அதே சந்தில் அதே மெதுவில் மறுபடி ஓட்டச் சொன்னார். "டக டக" போய்விட்டது. புதுசு வாங்குவதற்கு முன்னாலேயே குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. (லிங்க் ராடு இல்லாமல் ரோட்டில் வேகமாகப் போகக் கூடாது. திருப்பத்தில் வண்டி அளவுக்கு மேல் சாயும். இது சந்துக்குள் செய்யும் சோதனை மட்டும்தான்.) ஒரு ஜோடி 1,400 ரூபாய். முன்பு மாற்றிய ஸ்ட்ரட்டில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை.

இரண்டாவது சத்தம், நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தால் வந்தது. "டொய்ங்" என்று கம்பி அதிர்கிற மாதிரி. அண்ணாச்சி பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் தலை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். உள்ளே ஏதோ சிக்கிச் சிக்கி விடுபடுவது தெரிந்தது. ஸ்ட்ரட் மவுண்டும் அதன் பேரிங்கும்.

இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான். எர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்தது. 1950-ல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், ஸெஃபர் கார்களில் இது பரவலாகத் தெரிய வந்தது. மேலே இருந்த ஒரு கையை எடுத்துவிட்டு, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே தூணையே சக்கரத்தைப் பிடிக்கும் உறுப்பாகவும் ஆக்கினார் அவர். இடமும் மிச்சம், செலவும் மிச்சம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்தத் தூண் முழுவதுமே சுழல வேண்டும். அதற்குத்தான் தலையில் பேரிங். அது தேய்ந்து இறுகினால் ஸ்பிரிங் சுழல முடியாமல் முறுக்கிக்கொண்டு, பிறகு திடீரென்று விடுபடும். அதுதான் அந்த "டொய்ங்".

எனக்கு மனசு கனத்தது இந்த இடத்தில்தான். முதல் பட்டறையில் ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி, ஸ்பிரிங்கை அழுத்திப் பிரித்து, புது ஸ்ட்ரட் போட்டுவிட்டு, மேலே பழைய மவுண்டையும் பழைய பேரிங்கையுமே திரும்ப வைத்திருந்தார்கள். உள்ளே பம்ப் ஸ்டாப் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. தூசி மறைக்கும் ரப்பர் உறையே இல்லை. இப்போது அதே வேலையை, அதே கூலியை மறுபடி கொடுத்துச் செய்ய வேண்டும். ஸ்ட்ரட் மாற்றப் போகிறீர்கள் என்றால் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், உறை இந்த நாலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பொருள் விலை கொஞ்சம்தான், கழற்றி மாட்டும் கூலிதான் அதிகம். இன்னொன்று: அழுத்திப் பிடித்த ஸ்பிரிங்கில் ஒரு மனிதரைத் தூக்கி எறியும் அளவுக்கு விசை இருக்கிறது. யூடியூப் பார்த்து வீட்டில் இதைச் செய்ய நினைக்காதீர்கள். கயிறு கட்டிப் பிரிக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

ஷாக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே எண்ணெய். பிஸ்டனில் சின்னச் சின்னத் துளைகள். ஸ்பிரிங் துள்ளும்போது பிஸ்டன் அந்த எண்ணெயைத் துளை வழியே தள்ள வேண்டியிருக்கிறது. துள்ளலின் ஆற்றல் சூடாக மாறி அடங்குகிறது. அது கெட்டால் ஸ்பிரிங் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக் கெட்டதற்குப் பெரும்பாலும் சத்தம்தான் அடையாளம் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. அது ஓசையில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும், ஓட்டுபவருக்கும் அது பழகிப்போகும். டயரின் மேல் உள்ளங்கையால் வட்டமாகத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் பள்ளம் என்று அலை அலையாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் ரோட்டை விட்டுக் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். குதிக்கும் சக்கரம் பிரேக் பிடித்தாலும் ரோட்டைப் பிடிக்காது. ஷாக்கின் மேல் இலேசான எண்ணெய் ஈரம் இருந்தால் பயம் வேண்டாம். கீழே வழிந்து தூசி ஒட்டிச் சேறாகி இருந்தால் மாற்றுங்கள், இடது வலது இரண்டையும் சேர்த்து. பானெட்டை அழுத்தும் சோதனையில் முழுசாகச் செத்துப்போன ஷாக்தான் மாட்டும்.

மூன்றாவது சத்தம்தான் அம்மா சொன்ன சுத்தியல். பிரேக்கை மெல்ல மிதித்துவிடும்போதும், ரிவர்ஸ் எடுத்து உடனே முன்னே போகும்போதும் ஒரே ஒரு கனமான "டொக்". அண்ணாச்சி குழிக்குள் இறங்கினார். நானும் இறங்கினேன். "சேலை அழுக்காயிரும் டீச்சர்" என்றார். பரவாயில்லை என்றேன். என் வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பன்னிரண்டு வருஷம் கழித்தாவது யாராவது பார்க்க வேண்டும்.

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தையும் வண்டியின் உடம்பையும் கீழே இணைக்கும் கை. உடம்போடு சேரும் இடத்தில் இரண்டு புஷ், அதாவது ரப்பர் பொதிந்த இரும்புக் குழல்கள். சக்கரத்தோடு சேரும் இடத்தில் பால் ஜாயிண்ட். அண்ணாச்சி ஒரு நீளக் கம்பியை ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவே கொடுத்து நெம்பினார். இடது பக்கப் பின் புஷ் வாயைத் திறந்தது. ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து, நடுவில் என் சுண்டுவிரல் போகும் அளவுக்குக் கிழிசல். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பாளம் பாளமாக வெடிப்பு, கோடையில் வற்றிய குளத்துத் தரை மாதிரி. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படுகிறது. அதைத் தாங்க வேண்டிய ரப்பர் கிழிந்திருந்ததால் இரும்பு இரும்போடு மோதியது. அந்த மோதல் உடம்புத் தகடு வழியாகப் போய் அம்மாவின் காலடியில் கேட்டது.

"ஓடாத வண்டிக்கு எப்படி அண்ணாச்சி இப்படி ஆகும்?" என்று கேட்டேன்.

"ஓடாததாலதான். ஓடுத வண்டிய மூணு வருஷத்துக்கு ஒருக்க யாராவது அடியில பாத்துருப்பான். இத யாரு பாத்தா? மேல தொடச்சு வச்சிருக்காங்க."

அதோடு இன்னொன்றும் காட்டினார். புஷ் எல்லாவற்றிலும் ஒரு பிசுபிசுப்பு. சர்வீஸ் செய்து தண்ணீர் அடித்த பிறகு, துரு பிடிக்காமல் இருக்க அடியில் ஆயில் ஸ்பிரே செய்வது நம் ஊர் வழக்கம். கழிவு ஆயிலோ டீசலோ கலந்து அடிப்பார்கள். இரும்புக்கு அது நல்லதாக இருக்கலாம். இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயைக் குடித்து ஊதும், பதம் கெடும். வருஷா வருஷம் அன்போடு செய்த ஒரு காரியமே அந்த புஷ்களின் ஆயுளைத் தின்றிருக்கிறது. சர்வீஸுக்கு விடும்போது "ஆயில் ஸ்பிரே வேண்டாம்" என்று இப்போது ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். துருவுக்கு அண்டர்பாடி கோட்டிங் அடித்துக்கொள்ளலாம், அதுவும் ரப்பரை மூடிக்கொண்டு.

ஆர்மை முழுசாக மாற்றுவதா, புஷ்ஷை மட்டும் மாற்றுவதா என்ற கேள்வி வரும். ஆர்ம் வளையாமல் பால் ஜாயிண்ட் நன்றாக இருந்தால், லேத் பட்டறையில் பிரஸ் வைத்துப் பழைய புஷ்ஷைத் தள்ளிவிட்டுப் புதுசு ஏற்றலாம். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புது புஷ்ஷும் அன்றே பாதி செத்துவிடும். என் வண்டியில் பால் ஜாயிண்ட் உறையும் கிழிந்திருந்தது, ஆர்மோடு சேர்ந்தே வரும் ரகம். அதனால் இரண்டு ஆர்மையும் மாற்றினோம், ஒன்று 1,900 ரூபாய். புதுப்பேட்டை மாதிரி பழைய பாக மார்க்கெட்டில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். கதவோ பம்பரோ என்றால் நானே போயிருப்பேன். ஆர்மில் பணம் கொடுப்பது ரப்பருக்குத்தானே? உடைத்த வண்டியின் ரப்பருக்கும் என் வண்டியின் ரப்பருக்கும் வயது ஒன்றுதான்.

பால் ஜாயிண்ட்டில் மட்டும் யாரும் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். புஷ் கிழிந்தால் சத்தம் வரும், டயர் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும், ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை. திருச்செந்தூர் ரோட்டில் அப்படி முன் சக்கரம் விரிந்து கிடந்த ஒரு காரைப் பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, மெதுவாகப் போயிருக்கிறார்கள். குழந்தைகள் மரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தன. அப்பா காலத்து அம்பாசிடரில் இந்த மாதிரி இடங்களில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். ஒவ்வொரு சர்வீஸிலும் கன் வைத்துப் புது கிரீஸ் அடிப்பார்கள், பழசு அழுக்கோடு வெளியே வரும். இப்போதைய ஜாயிண்ட்டுகள் மூடியே வருகின்றன. ஆயுளுக்கும் அந்த ஒரு கிரீஸ்தான். ஆக அதைக் காப்பாற்றுவது அந்த மெல்லிய ரப்பர் உறை ஒன்றுதான். உறை கிழிந்திருக்கிறது, ஆனால் ஆட்டம் இல்லை என்று யாராவது சொன்னால், ஆட்டம் வரும் நாளை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி ஆர்மை மாட்டியபோது ஒன்று கவனித்தேன். போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, வண்டியின் எடை முழுவதும் தரையில் நின்ற பிறகு குழிக்குள் போய் இறுக்கினார். ஏன் என்று கேட்டேன். புஷ்ஷின் நடுக்குழல் போல்ட்டோடு இறுகிவிடும், அதற்குப் பிறகு ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். வண்டி தொங்கும் நிலையில் இறுக்கினால், கீழே இறக்கிய நொடியிலிருந்தே ரப்பர் ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி முறுகியே நிற்கும். பிறகு ஆறே மாதத்தில் கிழிந்தால், "டூப்ளிகேட் பார்ட்" என்று பாகத்தின் மேல் பழி போடுவோம். இதைப் படிக்கும் யாராவது புஷ் மாற்றப் போனால் இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: எடை தரையில் இருக்கும்போது இறுக்குவீர்களா? கேள்வி கேட்பவர் முன்னால் வேலை செய்பவரின் கை நின்று நிதானிக்கும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட். ஆட்டம் இருக்கும் வண்டிக்கு எத்தனை தடவை அலைன்மென்ட் செய்தாலும் நிற்காது.

இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த வருஷம் டிசம்பர் மழையில், தெருவில் நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்துவிட்டு, "உன் கார் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குதே" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பின் இடது சக்கரத்துக்கும் வளைவுக்கும் நடுவே மூன்று விரல், வலது பக்கம் நாலு விரல். ஸ்பிரிங்கின் அடிச்சுற்று ஒடிந்து, துண்டு தட்டிலேயே கிடந்தது. எப்போது ஒடிந்தது என்றே தெரியாது. தூத்துக்குடியில் இருப்பவர்களுக்கு உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குஜராத்துக்கு அடுத்து உப்பு விளைவதில் தமிழ்நாடு, அதில் பெரும்பகுதி எங்கள் உப்பளங்கள். கடல் காற்று, உப்பு லாரி ஈரம் சொட்டிப் போகும் ரோடு. ஸ்பிரிங்கின் மேல் பூச்சு அடித்தட்டில் உரசி உரிந்ததும், அங்கே மண்ணும் உப்புத் தண்ணீரும் தங்கி அரிக்கும். அரித்த சின்னக் குழியிலிருந்து விரிசல் கிளம்பும். கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் சக்கரக் குழிகளையும் ஸ்பிரிங் தட்டையும் கழுவிவிடுங்கள். சாய்ந்த வண்டியை நிமிர்த்த ஸ்பிரிங் நடுவே ரப்பர் பஃபர் சொருகலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். ஒடிந்த எலும்புக்கு மேலே கட்டுத் துணி சுற்றுவது அது. வேண்டாம் என்று ஒரு ஜோடி ஸ்பிரிங்கே போட்டோம்.

பிறகு ஒரு முனகல். அறுபதைத் தாண்டினால் விமானம் தூரத்தில் போகிற மாதிரி "ஊ" என்று. சாலையில் இடது பக்கம் வளையும்போது கூடும், வலது பக்கம் வளைந்தால் குறையும். இடது பக்கம் வளைந்தால் எடை வலது சக்கரத்தில் ஏறும், ஆக வலது வீல் பேரிங். வண்டி எப்போதாவது தண்ணீரில் நின்றதா என்று விற்றவருக்குப் போன் செய்து கேட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி இரண்டு நாள் சக்கரம் மூழ்க நின்றது என்று மறைக்காமல் சொன்னார். நான் வாங்கும்போது கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தென் மாவட்டங்களில் இப்போது பழைய கார் பார்க்கும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். இன்ஜினில் தண்ணீர் போகவில்லை என்பது போதாது, சக்கரம் மூழ்கியதா என்று கேளுங்கள்.

வேகத்தடைகளைப் பற்றி எனக்கு ஆதங்கம் உண்டு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வட்ட மேடாகப் போடும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் உடம்பு நோகாமல் தாண்டுவதற்காகக் கணக்கிட்ட வளைவு அது. எங்கள் தெருக்களில் இருப்பவை ஒரு முழம் அகலத்தில் சுவர் மாதிரி நிற்கின்றன. முதுகு வலிக்காரர்களை வைத்துக்கொண்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால்தான் அதன் கொடுமை தெரியும். நம்மால் முடிந்தது, ஓட்டும் முறையை மாற்றுவது. முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, சக்கரம் மேட்டைத் தொடும் முன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பிரேக் பிடித்தபடி ஏறினால் வண்டியின் மூக்கு ஏற்கெனவே குனிந்திருக்கும், ஸ்பிரிங்குக்கு அமுங்க இடமிருக்காது, அடி முழுவதும் புஷ்ஷுக்கும் மவுண்டுக்கும் போகும். அப்புறம், வண்டி மேட்டில் தட்டாது என்றால் நேராகவே ஏறுங்கள். கோணலாக ஏறும்போது ஒவ்வொரு சக்கரமாக ஏறி, அந்த லிங்க் ராடுகள்தான் பாடுபடும்.

ஒன்றரை வருஷத்தில் சஸ்பென்ஷனுக்கு மட்டும் நான் செலவழித்தது இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அதில் பத்தாயிரம் ரூபாயாவது சத்தத்தைக் கேட்காமல் பாகத்தை மாற்றியதால் போனது. வருத்தம் பணத்துக்காக மட்டுமில்லை. மூன்று மாதம் அம்மாவை அந்த "டொக்"கின் மேல் உட்காரவைத்துக் கூட்டிப் போயிருக்கிறேன்.

பின்பக்க பீமின் புஷ் இரண்டு பாக்கி. ஓரத்தில் வெடிப்பு விட்டிருக்கிறது, ஆனால் இன்னும் பிரியவில்லை, மழைக்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். புஷ்ஷுக்குச் சொல்லி வைத்தாயிற்று. வருகிற வியாழக்கிழமை அம்மாவை மருத்துவமனையில் இறக்கிவிட்டு வண்டியைப் பட்டறையில் விட வேண்டும். போன மாதம் வல்லநாடு பாலத்தில் ஏறும்போது பாட்டை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டே ஓட்டினேன். அம்மாவும் கேட்கிறாளா என்று கண்ணாடியில் பார்த்தேன். தலையணையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.